உப்பு முடிச்சு கட்டிய இடம்

பட்டறையில் லாரிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் பிரான்சிஸ், சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் தட்டி முடித்துவிட்டான். பின்சக்கரத்துப் பட்டை மாட்டும் இடம், குறுக்குச் சட்டங்கள், கோழி எருவின் ஈரம் சொட்டும் வால்பகுதி எல்லாமே ணங்கென்று பேசின.

"எரு அடிக்கிற வண்டிக்கு இது ஆச்சரியமுங்ண்ணா. எஃப்.சி.க்கு தைரியமா கொண்டு போலாம்" என்றான்.

பக்கத்தில் சாக்கு விரித்துப் படுத்திருந்த வேலுமணிக்கு நெஞ்சு லேசாயிற்று. பல்லடத்துக் கோழிப் பண்ணைகளில் எரு ஏற்றிக் காங்கேயத்துத் தோப்புகளில் கொட்டியே பழசாகிப்போன லாரி அது. அன்றைக்கே எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றை வாங்கிவிட்டால், மறுநாள் காலை அதை விலை பேசியிருந்த தோப்புக்காரர் வெள்ளியங்கிரி வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டி ஒரு சின்ன வண்டி எடுக்க வேண்டும். வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு இன்னொருவர் வண்டிக்கு டிரைவராகப் போய் நிற்க அவனுக்கு மனமில்லை.

வெளியே வரப் புரண்ட பிரான்சிஸ் திரும்பிப் பார்த்தான். டீசல் டேங்குக்குப் பின்னால், வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேஸின் உட்பக்கத்தில் ஒரு மஞ்சள் துணி தொங்கிக்கொண்டிருந்தது.

"இதென்னங்ண்ணா, புதையலா?"

"அதைத் தொடாதே பிரான்சிசு" என்று வேலுமணி சொல்லி முடிப்பதற்குள், சுத்தியல் காம்பு துணியை ஒதுக்கிவிட்டது. காம்பு இரும்பில் இடித்து நிற்கவில்லை. இரும்புக்குள்ளேயே போய்விட்டது. பிரான்சிஸின் முகத்தில் செதில் செதிலாகத் துரு கொட்டியது.

பிரான்சிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த இடத்தைச் சுரண்டினான். ஒரு முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சு, அதற்கும் மேல் இன்னொன்று. எல்லாம் மஞ்சள் நனைத்த துணிகள். சிலவற்றில் கல்லுப்பு இன்னும் மிச்சமிருந்தது. பழைய துணிகளில் இருந்த உப்பு எப்போதோ கரைந்து இரும்புக்குள் இறங்கிவிட்டிருந்தது.

அமாவாசைக்கு வண்டியைச் சுற்றி உப்பும் மிளகாயும் போடுவது எல்லா வண்டிக்காரர் வீட்டிலும் நடப்பதுதான். வேலுமணியின் மனைவி மாசாணியம்மாள் அதோடு விடுவதில்லை. அவினாசிபாளையத்து இறக்கத்தில் பிரேக் அறுந்து, ஒரு வேப்பமரத்தில் மோதி வேலுமணி சிராய்ப்புகூட இல்லாமல் இறங்கினானே, அந்த மாதத்திலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு பிடி உப்பை முடிந்து, யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்துச் சேஸின் உள்ளே கட்டி வந்தாள். உப்பு தானாகக் கரைய வேண்டும், கரையக் கரையப் பட்ட கண்ணும் கரையும் என்பது அவள் நம்பிக்கை. வேலுமணியும் அந்த நம்பிக்கைக்கு ஒரு காவல் போட்டிருந்தான். வாட்டர் சர்வீசுக்கு விடும்போதெல்லாம், "அந்த எடத்துல மட்டும் தண்ணி அடிக்காதீங்க" என்று சொல்லிவிடுவான். எருத்தூசி படிந்து, உப்பு ஊறி, ஒரு நாளும் கழுவப்படாமல் அந்த ஓர் இடம் உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருந்தது.

முடிச்சுகளை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் பிரான்சிஸ் பீடியைப் பற்றவைத்தான். இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் பேசினான்.

"அந்தச் சட்டத்தையே மாத்தறதுன்னா வண்டி வெலைக்கு மேல போயிருமுங்க."

"ஒரு இரும்புப் பிளேட்டு வெச்சு வெல்டு அடிச்சு, கறுப்புப் பெயிண்டு பூசினா?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க. எஃப்.சி.யும் ஆயிருமாட்ட இருக்குது." அவன் வேலுமணியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "பிளேட்டைப் புடிச்சுக்க சுத்தி நல்ல இரும்பு வேணுமல்லங்க. லோடோட ஒரு குழியில எறங்குச்சுன்னா அங்கயே மடங்கீரும். வெள்ளியங்கிரி அண்ணன் எதுக்கு வாங்கறாரு?"

"தேங்கா மட்டை அடிக்க."

"மட்டை மேல ஆளுக ஏறுவாங்களா?"

வேலுமணி லாரியைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். வெள்ளியங்கிரியின் தோப்பில் மட்டை பொறுக்கும் பெண்கள் பொழுது சாய்ந்ததும் லோடு மேலேயே ஏறி உட்கார்ந்து வீடு போவார்கள். வழியில் பார்த்தால் அவனுக்குக் கைகூட ஆட்டுவார்கள்.

"பிளேட்டு போடு" என்றான்.

பிரான்சிஸ் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். மூலையில் கிடந்த ஓர் இரும்புத் தகட்டை எடுத்து வந்து லாரியோரம் வைத்தான்; அதற்கு மேல் கை வைக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பட்டறை வாசலில் மினிபஸ் நின்று மாசாணியம்மாள் இறங்கினாள். தறிக்குடோனில் நூலைத் தாராகச் சுற்றும் வேலை அவளுக்கு. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டாமல், கையில் சோற்றுத் தூக்குப்போசியுடன் வந்தாள். வேலுமணி அவசரமாக முடிச்சுகளை அள்ளி டூல்ஸ் பெட்டிக்குள் போட்டான்.

"ஏனுங்க, என்ன சொல்றாங்க? உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

"ஒண்ணுமில்ல அம்மணி. கொஞ்சம் துரு."

"எரு தின்னுபோட்டுதுங்கக்கா" என்று பிரான்சிஸ் முந்திக்கொண்டான். "எரு ஓட்டற எல்லா வண்டியும் இப்படித்தானுங்க."

மாசாணியம்மாள் போசியைக் கீழே வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரிக்கு அடியில் குனிந்தாள். எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெகுநேரம் குனிந்தபடியே இருந்தாள். துருவின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

நிமிர்ந்தபோது அவள் அழவில்லை. பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

"பொய் சொல்றதுக்குக்கூட ஒரு மூஞ்சி வேணுமுங்க பிரான்சிசு. உங்களுக்கு அது இல்ல" என்றாள். பிறகு வேலுமணியிடம், "நான்தான் கெடுத்துபோட்டேனாட்ட இருக்குது" என்றாள்.

"கட்டினது நீ. கழுவாதீங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சது நானு. அதுல பாதி எனக்குக் குடு."

"காப்பாத்தட்டும்னுதானே கட்டினனுங்க. சாமிக்கு அது தெரியாமயா போச்சு?"

மாதாமாதம் தறிச்சத்தம் காதில் அடங்காமல் வீட்டுக்கு வந்து, குளித்து, ஈரத்தலையோடு வண்டிக்கடியில் நுழைந்தவள் அவள். அந்த அன்பே இரும்பைத் தின்றது என்று யார் அவளிடம் சொல்வது?

பிரான்சிஸ் கையைத் துணியில் துடைத்தபடி அவளுக்கு எதிரே குந்தினான்.

"அக்கா, இப்பச் சொல்றது பொய்யில்லீங்க. நான் எல்லா எடமும் தட்டிப்போட்டு, வண்டி நல்லா இருக்குதுன்னு அண்ணன்கிட்டச் சொல்லியும் முடிச்சுட்டனுங்க. அந்த எடத்துல நான் தட்டவே இல்ல. உங்க மஞ்சத்துணி தொங்கிட்டு இருந்துதேன்னுதான் அக்கட்டப் போனேன். அது இல்லீன்னா இது யாருக்கும் தெரியாதுங்க. எங்க கோயில்ல இதைக் கர்த்தர் காட்டினாருன்னு சொல்வோம். நீங்க மாசாணியாத்தா காட்டினான்னு வெச்சுக்கங்க."

மாசாணியம்மாள் நிமிர்ந்து லாரியோரம் இருந்த தகட்டைப் பார்த்தாள். "காட்டினதை மூடி வெக்கப் போறீங்களா?" என்று பிரான்சிஸிடம்தான் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவன் வேலுமணியாக இருந்தான்.

அவன் எழுந்து வெயிலுக்குப் போய் நின்றான். பிறகு செல்போனை எடுத்தான்.

"வெள்ளியங்கிரி அண்ணனுங்களா? நான் வேலுமணி பேசறனுங்க. நாளைக்கு வராதீங்க. வண்டி ஆகாதுங்க. சேஸ் போச்சுங்க."

மறுபக்கம் ஏதேதோ பேசியது. "வெலை ஏத்தறதுக்கு இதொரு வழியாப்பா?" என்று வெள்ளியங்கிரி கேட்டது வெளியிலும் கேட்டது.

"அதில்லீங்க."

"ஒரு பிளேட்டை வெச்சுக் குடு, நான் ஓட்டிக்கறேன். எனக்கு இப்ப மட்டை கெடந்து மக்குது."

"உங்களுக்குத் தெரிஞ்சு ஓட்டுவீங்க. மேல ஏறி உக்கார்றவங்களுக்குத் தெரியாதுங்களே."

பேச்சு அத்துடன் நின்றுபோனது. அவர் கோபமாகத்தான் வைத்துவிட்டார். இனி அந்தத் தோப்பு வழி எரு வேலைக்கும் கூப்பிட மாட்டார் என்று வேலுமணிக்குத் தோன்றியது.

"எஞ்சினும் கியர்பாக்ஸும் நல்லா இருக்குதுங்க, டயரும் புதுசு" என்றான் பிரான்சிஸ். "ஆர்.டி.ஓ. ஆபீசுல எழுதிக் குடுத்து ஆர்.சி.யை ஒப்படைச்சுட்டு வாங்க. அப்புறம் பிரிச்சுக்கலாம். நாளைக்கோ நாளானிக்கோ, ஒண்ணும் அவசரமில்லீங்க."

"ஆர்.சி. நாளைக்கு. சட்டத்துல ஒரு வெட்டு மட்டும் இன்னிக்கே போடு."

"ஏனுங்க?"

"ராத்திரி படுத்தா வேற நெனப்பு வருமப்பா. காலையில அவரே மறுபடி கூப்பிட்டு வெலையைக் கூட்டினாருன்னா, நான் இன்னிக்கு இருக்கற வேலுமணியா இருப்பனான்னு எனக்கே தெரியல."

பிரான்சிஸ் பேட்டரியைக் கழற்றி, டீசல் டேங்கை இறக்கித் தள்ளி வைத்துவிட்டு, கேஸ் கட்டரின் குழாயை இழுத்து வந்தான். மாசாணியம்மாள் போசியைத் திறந்து, "சாப்பிட்டுட்டு வெட்டுங்க, வெறும் வயித்தோட வேண்டாம்" என்றாள். மூவரும் டயர்களின் மேல் உட்கார்ந்து தக்காளிச் சோறு தின்றார்கள். பிரான்சிஸ் உப்பு கொஞ்சம் கம்மி என்றான். மாசாணியம்மாளுக்கு அந்த மத்தியானத்தில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. "இனிமே உப்புன்னு சொன்னா உதை விழும்" என்றாள்.

கட்டரைப் பற்றவைத்தபோது, நீலத் தீயைப் பார்க்க வேண்டாம் என்று பிரான்சிஸ் அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னான். மாசாணியம்மாள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏனுங்க, அந்தத் தோப்புப் பொம்பளைங்க பேரு எதாச்சும் உங்களுக்குத் தெரியுமா?"

"ஒண்ணும் தெரியாது. கை ஆட்டுவாங்க, அவ்வளவுதான்."

"செரி, போகட்டும்" என்றாள் அவள். துணிக்குள் அவள் உதடுகள் சாமியிடம் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. தீப்பொறி பறக்கும் சத்தத்தில் வேலுமணிக்கு அது கேட்கவில்லை. அவனும் கண்ணை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றான்.