ஆப்பிள் இல்லாத பன்னிரண்டு வாரம்

பால் பாக்கெட்டை வைக்க ஃபிரிட்ஜில் இடம் தேடிக்கொண்டிருந்த மச்சான், காய்கறித் தட்டில் நிறைந்திருந்த பழங்களை ஒதுக்கி, அடியிலிருந்து ஒரு பழுப்புக் காகிதப் பையை இழுத்தார்.

"மாப்ள, இது என்ன?"

பையின் மேல் அவன் மனைவியின் கையெழுத்து. 'சாப்பிடக் கூடாது.' கீழே ஒரு தேதி. வேறொன்றும் இல்லை.

"தெரியல மச்சான்."

"உங்க வீட்டு ஃபிரிட்ஜ்."

அவனுக்கு வேலை தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். நாள் முழுக்கச் சீட்டு ஒட்டிய பாட்டில்களோடுதான் பிழைப்பு. என்ன, எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்று எழுதாத பாட்டிலை அவன் தொடவே மாட்டான். இதில் தேதி மட்டும் இருந்தது. எண்ணிப் பார்த்தான். இன்றோடு பன்னிரண்டு வாரம்.

வீட்டுக் கூடத்தில் அவளைக் கிடத்தியிருந்தார்கள். மயானத்துக்கு வண்டி பதினோரு மணிக்கு. நேற்றுக் காலை அவன் வேலைக்குக் கிளம்பிய பிறகு, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். முப்பத்தோரு வயதில் எப்படி வெடிக்கும் என்று மச்சான் மூன்று பேரிடம் கேட்டார். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்னதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அவனுடைய சந்தேகம் வேறு. ஏறக்குறைய அந்தத் தேதியிலிருந்துதான் அவள் கைபேசியைக் குப்புற வைக்க ஆரம்பித்தாள். பின்வாசலில் நின்று பேசுவாள், சிரிப்பாள், அவன் வந்ததும் துணி மடிக்கத் தொடங்கிவிடுவாள். ஆப்பிள் வாங்குவதை அடியோடு நிறுத்தினாள். கேட்டதற்கு, "நல்லதாவே வர்றதில்லைங்க" என்றாள். மறுநாளே பழக்கடைக்குப் போய்ப் பார்த்தான். பளபளவென்று அடுக்கி வைத்திருந்தார்கள். ஆப்பிளுக்குப் போய் ஒருத்தி பொய் சொல்வாளா? ஆப்பிளுக்கே சொல்கிறவள் என்றால்? அதற்கு மேல் அவன் யோசிக்க விரும்பியதில்லை. யோசிக்காமல் இருந்ததும் இல்லை.

நேற்றுக் காலை கேட்டேவிட்டான்.

"யாருகிட்ட அப்படிச் சிரிப்பு?"

"பனிகிட்ட."

"அது யாரு?"

"பனிதாங்க. பொறுங்க, ஒருநாள் காட்டுறேன்."

"நல்லா சிரி" என்று சொல்லிவிட்டு, அவள் போட்டுவைத்த காபியைத் தொடாமல் கிளம்பினான்.

மச்சான் பையைச் சமையல் மேடையில் கவிழ்த்தார். ஒன்பது உருண்டைகள். பழுப்புத் தோல், கூர்முனை.

"வெங்காயமாடா?" என்று வாசற்படியில் வந்து நின்றார் மாமியார். நேற்றிலிருந்து அழாத கண்கள்.

"வெங்காயத்தை எதுக்கும்மா சாப்பிடக் கூடாதுன்னு எழுதணும்?" மச்சான் அவனைப் பார்த்தார். "ஊர்த் தண்ணியெல்லாம் சோதிக்கிறவர்தானே நீங்க? இதையும் சோதிச்சுச் சொல்லுங்களேன்."

மச்சானே கத்தியை எடுத்து ஒன்றை நெடுக்காகப் பிளந்தார். வெள்ளை மடல்கள். நட்டநடுவில் அரிசி அளவுக்கு, வெளிர்பச்சையாக ஏதோ ஒன்று நிமிர்ந்து நின்றிருந்தது.

அப்போது ஃபிரிட்ஜின் தலையில் கிடந்த அவளுடைய கைபேசி அதிர்ந்தது. மச்சான் எட்டி எடுத்தார்.

"பனின்னு போட்டிருக்கு." ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "'இன்னையோட பன்னெண்டு வாரம். அவருக்குச் சந்தேகம் வரலையே?'"

மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நிமிடமே கைபேசி மணியடித்தது.

"எடுங்க மாப்ள. எல்லாரும் கேக்குற மாதிரி போடுங்க."

அவன் விரல் நகரவில்லை. வண்டி வரும்வரை தெரியாமல் இருந்தால் போதும், அவள் அவன் மனைவியாகவே போய்விடுவாள். மச்சான் கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் அழுத்தினான்.

எதையோ தரையில் தேய்த்துத் தள்ளும் சத்தம். மூச்சிரைக்க ஒரு பெண் குரல். "ஏய், எங்கடி போய்த் தொலைஞ்ச? நேத்துல இருந்து பதிலே காணோம்!"

"நான்... அவ வீட்டுக்காரர்."

தேய்க்கும் சத்தம் நின்றது. "ஐயோ, மாட்டிக்கிட்டாளா!" குரல் சிரித்தது. "டூலிப் கிழங்கைப் பார்த்துட்டீங்களா? காய்கறித் தட்டை நீங்க ஆயுசுக்கும் திறக்க மாட்டீங்கன்னு சத்தியம் பண்ணினாளே!"

"கிழங்கா?"

"பூங்க. இங்க பனி கொட்டுற ஊர்ல மண்ணுல புதைச்சுட்டு மறந்துடுவோம், மிச்சத்தைப் பனி பார்த்துக்கும். உங்க வெயிலுக்குப் பனிக்கு எங்க போறது? அதான் பன்னெண்டு வாரம் ஃபிரிட்ஜு. குளிர்காலம் போயிடுச்சுன்னு ஏமாந்து பூத்துடும். எங்க பூச்செடிக் குழுவுல பாலைவனத்துக்காரி ஒருத்திக்கே போன வாரம் நாலு பூ! உங்க ஊர்ல வரவே வராதுன்னு அடிச்சுச் சொன்னீங்களாமே? 'அவருக்குக் கண்ணால பார்த்தாதான் நம்பிக்கை, பூத்ததும் முன்னால கொண்டுபோய் நிறுத்துறேன்'னு சொன்னா. பார்த்துட்டேன்னு சொல்லிடாதீங்க, பாவம். நடுறதை ரெண்டு நாள் தள்ளினாலும் ஒண்ணும் ஆகாது. ஆப்பிள் மட்டும் பக்கத்துல வச்சுடாதீங்க, அதோட காத்து பட்டாலே உள்ள இருக்கிற பூ கருகிடும். சரி, அவகிட்ட குடுங்க."

"அவ இல்லீங்க."

"இந்நேரத்துல எங்க போயிட்டா?"

அவன் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். மச்சான் அவன் கையிலிருந்து கைபேசியை மெல்ல வாங்கி, ஸ்பீக்கரை நிறுத்தி, பின்வாசலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவன் மீதி எட்டுக் கிழங்குகளையும் பையில் போட்டான். பிளந்ததன் இரண்டு பாதிகளையும் சேர்த்து அழுத்திப் பிடித்தான். விட்டதும் பிரிந்தன. அவற்றையும் பையிலேயே போட்டு வாயை மடித்தான்.

பிறகு ஃபிரிட்ஜின் முன் மண்டியிட்டுக் காய்கறித் தட்டை வெளியே இழுத்தான். நேற்றிரவு வந்த சொந்தக்காரர்கள் வாங்கிவந்த ஆப்பிள்கள், தட்டு நிறைய. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தான்.

"வண்டி வந்தாச்சு" என்று கூடத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"இதோ" என்றான்.

தட்டின் மூலையில் இன்னும் ஒன்று இருந்தது. கையை உள்ளே விட்டு அதையும் எடுத்தான்.