தூரத்துக்கு ஒரு கண்

எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டி, ஆறு மீட்டர் அளந்து நாற்காலி போட்டிருந்தார் கண்ணாடிக் கடைக்காரர். வந்த ஆளோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அட்டைக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார். வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சிறைக்கு வந்து கைதிகளுக்குக் கண் பார்த்துக் கண்ணாடி செய்து கொடுப்பது கடைக்காரரின் ஒப்பந்தம். காலையிலிருந்து நாற்பது பேரைப் பார்த்தாயிற்று; இப்படி ஒரு கிராக்கி வாய்க்கவில்லை.

"பெரியவரே, எழுத்து இந்தப் பக்கம் இருக்கு."

"எழுத்து கெடக்குது சார். அந்தப் பாலம் தெரியணும், அதுக்கு வழி பண்ணுங்க."

மூன்றாம் மாடி ஜன்னல் அது. மதிலைத் தாண்டி, ரயில் தண்டவாளத்தின் மேல் ஒரு நடைபாலம் போனது. முந்நூறு மீட்டர் இருக்கலாம்.

வாசலில் நின்ற வார்டர் சிரித்தார். "இவருக்கு நாங்க வச்ச பேரு நிரந்தரம், சார். இந்தக் கட்டடத்துல நிரந்தரமா இடம் கெடச்ச ஒரே ஆளு. நானே கான்ட்ராக்ட்தான்."

முப்பது வருடப் பழைய கேலிக்கு நிரந்தரமும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

கடைக்காரர் படிவத்தைப் பார்த்தார். விடுதலைத் தேதி என்ற கட்டத்தில் மற்றவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு வருடம் இருந்தது. இவருக்கு ஒரு குறுக்குக்கோடு. அந்தக் கட்டத்தை வைத்துத்தான் கண்ணாடியே. ஐந்து வருடத்துக்குள் வெளியே போகிறவருக்குத் தூரக் கண்ணாடி, மற்றவருக்குப் படிக்கும் கண்ணாடி. இரண்டும் சேர்ந்ததற்கு அனுமதி இல்லை. மதிலுக்குள் கிடப்பவனுக்குத் தூரம் எதற்கு என்று எங்கோ ஒரு மேஜையில் யாரோ முடிவு செய்திருந்தார்கள். நிரந்தரத்துக்கோ கிட்டத்திலும் மங்கல், தூரத்திலும் மங்கல்.

"பாலத்துல என்ன இருக்கு?"

"தம்பி வருவான். புதன்கிழமை தவறாம, பன்னெண்டு மணி வண்டிக்கு. இன்னிக்கும் புதன்தானே."

இரண்டு பேரும் சேர்ந்து செய்த கொலை அது. அண்ணன் இங்கேயே பிடிபட்டார். தம்பி ஆற்றைத் தாண்டிப் பக்கத்து நாட்டில் மாட்டிக்கொண்டான். திருப்பி அனுப்பினால் சாகும்வரை வெளியே விடமாட்டார்கள் என்று அந்த நாடு அனுப்ப மறுத்து, தானே விசாரித்து ஆயுள் கொடுத்தது.

"அங்க ஆயுள்னாலும் இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஒக்காந்து பேசியே ஆகணுமாம். அன்னிக்கு அதைச் செஞ்சவன்தானா இன்னும் இவன்னு கேக்கணுமாம். மூணு தடவை கேட்டாங்க. மூணாந்தடவை விட்டுட்டாங்க. ஒரே குத்தத்துக்கு ரெண்டு தடவை தண்டிக்கக் கூடாதுன்னு, இங்க அவனை மறுபடி பிடிக்க முடியாது. ஆனா தண்டனை வாங்கினவன், உள்ள வந்து என்னைப் பார்க்கவும் முடியாது."

"உங்களை யாரும் கேக்கலையா?"

"இங்க அந்தக் கேள்வியே கெடையாது சார்."

கடைக்காரர் சந்தையில் பிறந்து வளர்ந்தவர். ஒரே சரக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்பது அவர் பால்குடி வயதிலேயே படித்த பாடம். எந்த விலையையும் 'கடைசியா சொல்லுங்க' என்று கேட்டுப் பார்க்காமல் அவர் வீட்டில் யாரும் கடையை விட்டு இறங்கியதில்லை. அப்படிக் கேட்கவே இடமில்லாத ஒரு விலையை இன்றுதான் பார்க்கிறார். அது காலை மடித்துக்கொண்டு அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

"அப்போ தூரத்துக்கே போட்டுடலாமா?"

"தம்பி கடுதாசியும் போடுறான்," என்றார் நிரந்தரம் தயங்கியபடி. "கூட இருக்குறவன்தான் படிச்சுக் காட்டுறான். பாதியை முழுங்கிடுறான் பாவி."

கடைக்காரர் வார்டர் பக்கம் திரும்பினார். "படிக்கிற கண்ணாடின்னு எழுதணும், அவ்வளவுதானே? எழுதிடுறேன். இடது கண்ணுக்குப் படிக்கிறது. வலது கண்ணைப் பத்தி உங்க ஃபாரம் வாயே திறக்கலையே?"

"மேல கேட்டா?"

"கண்ணாடிக்காரன் ஒரு கண்ணைச் சொதப்பிட்டான்னு சொல்லுங்க. ஊரே நம்பும்."

வார்டர் நிரந்தரத்தைப் பார்த்தார். பிறகு பொதுவாகச் சொன்னார்: "எழுதுங்க. கேக்குறப்போ நான் இந்த வேலையில இருக்கணுமே."

சோதனைச் சட்டகத்தை அவர் முகத்தில் மாட்டி, வலது கண்ணுக்கு ஒவ்வொரு வில்லையாக மாற்றிக்கொண்டே வந்தார் கடைக்காரர். ஐந்தாவது வில்லையில் நிரந்தரத்தின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியது. கேட்கத் தேவையிருக்கவில்லை.

ரயில் போய்விட்டிருந்தது. பாலத்தின் நடுவில் ஒரு மனிதர் சிறையைப் பார்த்து நின்று கையை உயர்த்தினார். இறக்கினார். முகத்தைக் கொஞ்சம் நகர்த்தி மறுபடி உயர்த்தினார்.

"யாருக்குக் காட்டுறான்?" என்றார் வார்டர்.

"எந்த ஜன்னல்னு அவனுக்குத் தெரியாது," என்றார் நிரந்தரம். "நான் எப்படிச் சொல்றது? கடுதாசியில எழுதினா, படிச்சுப் பாத்து அந்த வரியை வெட்டிடுவாங்க."

நான்கு மாடி. மாடிக்கு முப்பது ஜன்னல். அவசரமே இல்லாமல், ஒன்றைக்கூட விடாமல், ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாக ஒரு கை. ஒவ்வொரு புதனும். வெளியே வரிசை நீண்டு கிடந்தது. அடுத்த ஆளை வார்டர் கூப்பிடவில்லை.

நிரந்தரம் எழுந்து போய்க் கம்பிகளுக்கிடையில் கையை நீட்டி, இப்போதே உயர்த்தி வைத்துக்கொண்டார். பாலத்து மனிதர் கீழ் வரிசையை முடித்து, ஒரு மூச்சு நேரம் நின்று, முகவாயைச் சற்றே நிமிர்த்தி, இடது கோடியிலிருந்து இரண்டாம் வரிசையைத் தொடங்கினார்.