அவர் வாசித்த கடைசி அத்தியாயம்

கப்பல் இறங்கிக்கொண்டிருக்கிறது, செம்மண் புழுதியை ஊரெல்லாம் கிளப்பிக்கொண்டு, கதவு முழுசாகத் திறக்கக்கூட இல்லை, அதற்குள் அந்தப் பெண் படியில் கால் வைத்துவிட்டாள், கீழே கூட்டத்தில் தலை நரைத்த ஒருத்தி நிற்கிறாள், விண்வெளிக்குப் போகும்போது தொட்டிலில் விட்டுப்போன மகள், இப்போது பெற்றவளைவிட மூத்தவள், இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் தடவித் தடவிப் பார்க்கிறார்கள், அந்த இடத்தில் எனக்கு அழுகையே வந்துடுச்சு என்று சொல்லி முடித்து நீலாவதி கைக்குட்டையைத் தேடினாள், கைதட்டல் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை.

உறையூரில் பிலோமினா டீச்சருடைய டியூஷன் சென்டரின் மாடி அது, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் கூடி, படித்த புத்தகங்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிற இடம், அவரவர் அவரவர் புத்தகத்தைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம், இந்த மாதம்தான் முதல் தடவையாக எல்லாரும் ஒரே நாவலைப் படித்து வருவது என்று வைத்திருந்தார்கள், ஓர் அறிவியல் புனைகதை. கப்பல் எங்கக்கா இறங்குச்சு, அது இறங்கவே இல்லையே என்றான் அன்சாரி, மருந்துக் கம்பெனிப் பையன், அறிவியல் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. முடிக்காத புத்தகத்தைப் பற்றி யாராவது பேசினால் அடுத்த மாதம் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கித் தரவேண்டும் என்பது அங்கே சட்டம், நீலாவதிக்குக் கண் சரியில்லை, வீட்டுக்காரர்தான் வாசித்துக் காட்டுகிறார் என்பதும் எல்லாருக்கும் தெரியும், அதனால் அன்சாரியே சிரித்துக்கொண்டு, சார் கடைசி அத்தியாயத்துல தூங்கிட்டாரு போல, இந்தத் தடவை பஜ்ஜி சார் தலையிலதான் என்றான், எல்லாரும் சிரித்தார்கள், நீலாவதியும் சிரித்தாள், அடப்பாவி மனுஷா, என் மானத்தை வாங்கிட்டீரே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே சிரித்தாள். பிலோமினா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. நீலா, நான் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன், போன மாசம் அந்தக் கலங்கரைவிளக்கக் காவல்காரன் கதை சொன்னியே, அவன் பிழைச்சுக்கிட்டான்னு, நான் அதைப் படிச்சிருக்கேன், அவன் செத்துப்போறான்டி, உனக்கு அப்படித் தோணியிருக்கு, நாம ஏன் குறுக்கே பேசணும்னு விட்டுட்டேன்.

அதற்கப்புறம் அவர்கள் பேசியது எதுவும் நீலாவதி காதில் ஏறவில்லை, காதில் வேறொரு குரல், காலைக் காபி முடிந்து கூடத்து ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தர்மலிங்கம் வாசிக்கிற குரல், மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், பேப்பரோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை இணைப்பைக்கூடப் புரட்டாத மனுஷன், பெண்டாட்டிக்குக் கண் மங்கியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், ஒளியாண்டு என்று வந்தால் ஒருதரம் தடுக்கி விழுவார், ஈர்ப்புவிசை என்று வந்தால் இருமிக்கொண்டே தாண்டுவார், என்ன கண்றாவிடி இது, ஆளில்லாத ஊருக்கு எதுக்குப் போறாங்க என்பார், பக்கம் புரட்டும்போது விரலை நாக்கில் தொட்டுக்கொள்கிற சத்தம்கூட அவளுக்குக் கேட்கும், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தலையில் மாட்டிய கருவியோடு காலத்தைத் தள்ளியவள், எதிர்முனையில் பேசுகிறவன் சிரிக்கிறானா மழுப்புகிறானா என்று ஹலோவிலேயே சொல்லிவிடுவாள், அவளிடமா இந்த மனுஷன், ஆமாம் அவளிடம்தான், கடைசி அத்தியாயம் வந்தால் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு, இரு, தண்ணி குடிச்சிட்டு வரேன் என்று எழுந்து போவார், அடுக்களையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, திரும்பி வந்து வாசித்தால் ஒரு வார்த்தையில்கூடத் தடுக்கி விழமாட்டார், மடமடவென்று வரும், பக்கம் புரட்டுகிற சத்தமும் இருக்காது, அவள் என்ன நினைத்தாள், கதையில் கரைந்துவிட்டார் மனுஷன், கடைசியில் இவருக்கும் இலக்கியம் பிடித்துவிட்டது என்று பூரித்துப்போனாள், பைத்தியக்காரி, பைத்தியக்காரி.

நினைவு அங்கேயே நின்றிருந்தால் பரவாயில்லை, அது அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போகிறது, கண்ணில் சொட்டு மருந்து விட்டு மூடி உட்கார்ந்திருக்கிறாள், வீட்டு ஆள் யாராவது உள்ள வாங்க என்று நர்ஸ் கூப்பிடுகிறாள், தர்மலிங்கம் போகிறார், வெளியே வருகிறார், அவள் கைப்பையில் இருந்த பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடிக்கிறார், குடித்துவிட்டு, ஒரு இடத்திலும் தடுக்கி விழாமல், ஒன்னும் பயமில்லையாம் நீலா, சர்க்கரை பண்ற வேலைதானாம், ஊசி போட்டுக்கிட்டு வந்தா கொஞ்சம் கொஞ்சமா பழையபடி தெளிஞ்சிடுமாம் என்கிறார். ஐயோ.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதானே அவள் இருந்தாள். ஓசூரில் மகள் மேகலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, கண் தெரியாதவளை வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்க முடியுமா என்று சம்பந்தி வீட்டிலேயே பார்த்துக்கொண்டார்கள், போனில் படம் அனுப்பினார்கள், நடுவில் கரும்புள்ளி விழுந்த கண்ணுக்கு அது ஒரு மூட்டைத் துணி, இப்ப வரலைடி, பாட்டி முதல்தரம் பாக்கறப்ப மூக்கும் முழியும் திருத்தமா தெரியணும், கண் தெளியட்டும், ஓடி வரேன் என்று அவளேதான் சொன்னாள், பக்கத்தில் நின்ற தர்மலிங்கம் ஆமாம் ஆமாம் என்றார், அந்தக் குழந்தை கவிழ்ந்தது, தவழ்ந்தது, பல் முளைத்து இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம், அவள் இன்னும் தெளிவுக்காகக் காத்திருக்கிறாள், கண்ணோ தெளிகிற பாடாக இல்லை, போன மாதம் தெரிந்த காலண்டர் தேதி இந்த மாதம் தெரியவில்லை.

அன்சாரி, கீழ டீக்கடையில இருப்பார், கூட்டிட்டு வாப்பா என்றாள். தர்மலிங்கம் ஒருநாளும் மாடி ஏறமாட்டார், உங்க புத்தகப் பேச்சு எனக்கெதுக்கு என்பார், ஏன் ஏறவில்லை என்று இப்போதுதானே புரிகிறது, வந்து வாசலில் நின்றார், நாவலை அவர் பக்கம் நீட்டினாள், கடைசி அத்தியாயத்தை வாசிங்க. இங்கேயா என்றார். இங்கதான். தண்ணி கொஞ்சம் என்றார். தண்ணி அப்புறம் குடிக்கலாம், வாசிங்க. அவர் வாசித்தார், தடுக்கினார், இருமினார், நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கம் புரட்டினார், கப்பல் வேகத்தைக் குறைக்க முடியாமல் பூமியைத் தாண்டிப் போகிறது, மகள் கீழே இருந்து அம்மா அம்மா என்று கூப்பிடுகிறாள், குரல் மட்டும் வருகிறது, அதுவும் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகிறது, வாசித்து முடித்தபோது அவர் குரலும் தேய்ந்துபோயிருந்தது, பிலோமினா டீச்சர் எழுந்து மற்றவர்களை வாங்க, டீ குடிக்கலாம் என்று கீழே கூட்டிப் போய்விட்டாள்.

இப்ப டாக்டர் சொன்னதையும் இதே மாதிரி சொல்லுங்க. வேண்டாம் நீலா. சொல்லுங்க. போன பார்வை வராதாம், இருக்கறதைக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கத்தான் ஊசியாம், எவ்வளவு நாள்னு கேட்டேன், சொல்ல முடியாதுன்னுட்டார், உன் முகத்தைப் பார்த்து என்னால சொல்ல முடியலைடி, கதையிலயாவது எல்லாம் நல்லா முடியட்டும்னு, என்று சொல்லிக்கொண்டே அந்த மனுஷன் குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பாவம்தான், பாவமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிடக் கோபம் வந்தது, என் கண்ணு போறதை நான் தாங்கிப்பேன், எக்ஸ்சேஞ்சுல எத்தனை சாவுச் சேதியைக் காதால வாங்கிக் கொடுத்தவ நான், இது தாங்காதா, இருந்த பார்வையில அந்தப் புள்ளை மூஞ்சியைப் பார்த்திருப்பேனே, பொக்கை வாயைப் பார்த்திருப்பேனே, பல்லு முளைச்சிடுச்சேங்க, பல்லு முளைச்சிடுச்சே என்று அவர் தோளில் அடித்தாள், அவர் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்துக்கிட்டு நாளைக்கு ஓசூருக்குக் கிளம்பலாம் என்றார் படி இறங்கும்போது. நாளைக்கா என்று கேட்டாள், அவ்வளவுதான் கேட்டாள், அவர் ஆட்டோவைக் கூப்பிட்டார், பஸ் ஸ்டாண்டுக்கு என்றார். ஜன்னலோர இருக்கை, வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நகர்கிறது, கப்பல் நகர்கிறது, கீழே தலை நரைத்த ஒருத்தி நிற்கிறாள், மேலே போகிறவளும் தலை நரைத்தவள்தான், இறங்குமா இறங்காதா என்று யார் சொல்வது, தர்மலிங்கம் கையைப் பிடிக்க வந்தார், அவள் கொடுக்கவில்லை, கொஞ்சம் போகட்டும், போனை எடுத்து அவரிடம் நீட்டி மேகலாவுக்குப் போடச் சொன்னாள், என்னம்மா திடீர்னு, நீங்க வந்து சேர நடுராத்திரி ஆயிடுமே, நாங்க தூங்கிடுவோமே, சாவியைப் பக்கத்து வீட்ல கொடுத்து வைக்கட்டுமா என்கிறாள் மகள். தூங்குங்கடி, புள்ளையை எழுப்ப வேணாம், ஆனா வீட்ல இருக்கிற லைட்டையெல்லாம் போட்டு வை என்றாள் நீலாவதி.