எலியாஸ் கொடுத்த பெட்டி, அல்லது நான் கொடுத்தது

1

ஒரு நன்றிக் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு அரைப்பக்கம் போதும். நான் நான்கு பக்கம் எழுதியும் நன்றி என்ற சொல்லுக்கு வந்து சேரவில்லை. என் மனைவி டோரீன் நான்கையும் படித்துவிட்டு, "லாயிட், இதுக்குப் பேரு கடிதமா? கதைன்னு ஒத்துக்கிட்டு எழுதுங்க. தபால் செலவாவது மிச்சம்" என்றாள். ஒத்துக்கொண்டேன்.

கதை என்றதும் தொடக்கம் வேண்டியதாகிவிட்டது.

முதல் தொடக்கம்: "1963 ஜூலை. ரெடோண்டோ கடற்கரையில் கடல் நீலமாக…" (அடித்துவிட்டேன். கடல் வேறு என்ன நிறத்தில் இருக்கும்?)

இரண்டாவது: "பதினேழு வயதில் அலைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும்…" (பச்சைப் பொய். எங்கள் கடலலை இசைக்குழுவில் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஓர் அலைப்பலகை. அதையும் புகைப்படத்துக்காக வாங்கினோம். எங்கள் டிரம்ஸ்காரன் ஸ்கிப்புக்கு நீச்சலே தெரியாது. குழுவின் பெயர் 'டைட் டேபிள்ஸ்'. தூண்டில் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் அலை அட்டவணையிலிருந்து சுட்ட பெயர்.)

மூன்றாவது: "பெட்டி கீழே விழுந்தது." இது நடந்தது. இதிலிருந்தே போகலாம்.

2

பெட்டி கீழே விழுந்தது. ஸ்கிப் காரின் பின்கதவைத் திறந்ததும் எங்கள் ரிவெர்ப் பெட்டி அவன் காலருகே விழுந்து உருண்டது. தூக்கிக் குலுக்கினால் உள்ளே அறுந்த ஸ்பிரிங் கலகலவென்று ஓடியது.

(அந்தப் பெட்டியைப் பார்த்திராதவர்களுக்கு: கிட்டாரின் சத்தம் இந்த மரப்பெட்டிக்குள் போய், ஸ்பிரிங்குகளில் நடுங்கி, குளித்துவிட்டு வந்ததுபோல் வெளியே வரும். அதை ஈரச் சத்தம் என்போம்; பெட்டி இல்லாவிட்டால் காய்ந்த சத்தம். எங்கள் பாட்டுகளில் வார்த்தை கிடையாது, பாடுகிறவன் கிடையாது. அந்த ஈரமும் இல்லையென்றால், பக்கத்து வீட்டில் யாரோ கிட்டார் பழகுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஜனங்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.)

இது நடந்தது ஒரு ஞாயிறு மதியம், ஸ்கேட்டிங் கூடத்தின் வாசலில். உள்ளே போட்டி. ஒரு கோடியில் நாங்கள், எதிர்க் கோடியில் வில்மிங்டனிலிருந்து வந்த 'ஹார்பர் பெலிகன்ஸ்'. அவர்கள் ஒன்று வாசித்தால் உடனே நாங்கள் ஒன்று. ஆகவே ஒரே பெட்டியை மாற்றி மாற்றி வைத்துக்கொள்ள முடியாது. ஜெயிக்கிற குழுவுக்கு ஓர் இசைத்தட்டு போட்டுத் தருவார்கள். பதினேழு வயதில் எனக்கு அதற்குமேல் ஓர் ஆசையும் கிடையாது.

பெலிகன்ஸின் முதல் கிட்டார் எலியாஸ் சமோரா. தந்தியை மீட்டுகிற வேகத்தில் கையிலிருக்கும் பிளாஸ்டிக் துண்டு உருகும் என்று பெயர் வாங்கியவன். நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அந்த நாளில் எந்தக் குழுவும் இன்னொன்றை நம்பாது. வாசித்து முடித்ததும் பெட்டியின் மூன்று திருகுகளையும் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவோம். அந்த எண்களில்தான் ஒருவனுடைய சத்தம் இருக்கிறது. எதிரி பார்த்துவிட்டால் கதை முடிந்தது.

எலியாஸ் வாசலுக்கு வந்தான். வெள்ளிக் கோட்டு, கழுத்தில் டை. (டை கட்டாத பையனுக்கு நடனக்கூடத்தில் இடமில்லை என்பது நகரசபை உத்தரவு. கடலைப் பற்றிய இசையை டை கட்டிக்கொண்டு வாசித்த தலைமுறை நாங்கள்.) தன் பெட்டியை என் கையில் வைத்தான்.

"எடுத்துக்கோ. நான் காஞ்சே வாசிச்சுக்கறேன்."

குனிந்து பார்த்தேன். திருகுகள் பூஜ்யத்தில் இல்லை. ஆறு, நாலு, ஏழு. அவன் வைத்த இடத்திலேயே விட்டிருந்தான்.

நாங்கள் ஜெயித்தோம். இசைத்தட்டு வந்தது, ஒரு கோடைகாலம் முழுக்க வானொலியில் ஓடியது. அதை வைத்துத்தான் பிறகு கிட்டாரும் பெட்டியும் பழுதுபார்க்கும் கடை போட்டேன், பிழைத்தேன். கச்சேரி நாளில் உடைந்த பெட்டியோடு வந்த எவனையும் நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. என் பெட்டியையே கொடுத்தனுப்புவேன், திருகைத் தொடாமல். எல்லாம் அந்த மதியம் கற்றது. அறுபத்தொரு வருடமாக அவனுக்கு நன்றி சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். நாளாக ஆக அது கூடிக்கொண்டே போனது.

3

இங்கேதான் கதை நின்றுபோனது. எலியாஸ் ஏன் கொடுத்தான்? காரணம் இல்லாமல் ஒரு பாத்திரம் இப்படிச் செய்தால் வாசகர் நம்பமாட்டார். நானே நம்பவில்லை.

காரணம் ஒன்று: அவன் திமிர் பிடித்தவன், காய்ந்த சத்தத்திலேயே என்னை அடித்துவிடலாம் என்று நினைத்தான். காரணம் இரண்டு: அவனுக்குக் கை வலி, தோற்க ஒரு சாக்கு தேடினான். காரணம் மூன்று: அவன் நல்லவன்.

டோரீன் மூன்றையும் படித்தாள்.

"ஐநூறு தடவை இந்தக் கதையச் சொல்லியிருக்கீங்க. இப்ப வந்து அவனுக்குக் கை வலியா? உயிரோட இருக்கற ஆளு. போன் பண்ணிக் கேட்டா என்ன, வாய்ல கொழுக்கட்டையா?"

4

போன் பண்ணினேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் என் கைவரிசை எதுவும் இல்லை.

"எலியாஸ் சமோராவா? நான் லாயிட் ஹேகன். டைட் டேபிள்ஸ்…"

"டேய் லாயிட்! நீ இன்னும் போய்ச் சேரலையா?"

"இன்னும் இல்ல. எலியாஸ், ஒரு விஷயம் சொல்லணும். ரொம்ப வருஷமா…"

"இரு இரு, முதல்ல நான் சொல்லிடறேன். எழுபத்தெட்டு வயசாச்சு, அடுத்த வாரம்னு தள்ளிப்போட முடியாது. நன்றிடா. அந்த ஸ்கேட்டிங் கூடத்துல உன் பெட்டிய எனக்குக் குடுத்தியே, அதுக்கு."

ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"என் பெட்டி லாரியிலேர்ந்து விழுந்து நொறுங்கிப்போச்சு. நீ நேரா வந்து கையில குடுத்த. 'எடுத்துக்கோ, நான் காஞ்சே வாசிச்சுக்கறேன்'னு சொன்ன. அப்பறம் காஞ்சே வாசிச்சு என்னை ஜெயிச்ச பாரு, அதத்தான் இன்னிக்கு வரைக்கும் தாங்க முடியல."

"எலியாஸ், நீதான்டா எனக்கு…"

"திருகைக்கூடப் பூஜ்யமாக்கல நீ. ஆறு, நாலு, ஏழு. இன்னிக்கும் அதுலதான் வாசிக்கறேன்."

என் வாயிலிருந்த நன்றியை அவன் பிடுங்கிக்கொண்டான் என்று முதலில் கோபம்தான் வந்தது. பிறகு அவன் சொல்லிக்கொண்டே போனான். துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் பாரந்தூக்கி ஓட்டியிருக்கிறான். எவன் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டாலும் மறுத்ததில்லையாம். ஏன் என்று கேட்டால் என் கதையைச் சொல்வானாம்.

"அன்னிக்கு அந்த ஈரச் சத்தத்தக் கேட்டுத்தான் கான்சுவெலோ என் பக்கம் திரும்பினா. அம்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினோம். போன வருஷம் போயிட்டா."

நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

5

அடுத்த வாரம் பார்சல் வந்தது. அவனுடைய மைத்துனன் அந்த மதியம் கூடத்தின் நடுவில் நின்று பதிவு செய்த ஒலிநாடாச் சுருள். கூடவே ஒரு சீட்டு: "என்கிட்ட ஓட்டற மெஷின் இல்ல. உன்கிட்ட இருக்கும். நடுவுல ஒரு பொண்ணு கூவுவாளாம், அது கான்சுவெலோவாம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வர்றேன், சேர்ந்து கேட்போம்."

இரண்டு குழுவும் அந்த நாடாவில் இருக்கின்றன. ஒன்று ஈரம், ஒன்று காய்ந்தது. கேட்ட அரை நிமிடத்தில் யார் கொடுத்தது என்று தெரிந்துவிடும்.

நாடா அறுந்துவிடாமல் ஓடுகிறதா என்று பார்க்க மட்டும் கொஞ்சம் ஓட்டினேன். (இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. டோரீனும் நம்பவில்லை.) கூட்டம் தரையை மிதிக்கும் சத்தம். அறிவிப்பாளரின் இருமல். பிறகு யாரோ ரிவெர்ப் பெட்டியை இடித்துவிட, ஸ்பிரிங் மொத்தமும் அதிர்ந்து கூடத்துக்குள் இடி இடித்தது. பையன்கள் சிரித்தார்கள். அது எந்தக் கோடி என்று தெரியவில்லை. நிறுத்திவிட்டேன்.

முடிவு அ: அவன்தான் கொடுத்தான். எனக்கு என் நன்றி திரும்பக் கிடைக்கும். ஆனால் கான்சுவெலோ திரும்பியது காய்ந்த சத்தத்தைக் கேட்டு என்றாகும். அவள் போய் ஒரு வருடம்கூட ஆகாதவனிடம் அதை எப்படிச்…

முடிவு ஆ: நான்தான் கொடுத்தேன். அப்படியானால் பதினேழு வயதில் நான் நினைத்ததைவிட நல்லவன். அந்தப் பையனை எனக்கு அடையாளமே தெரியவில்லை.

முடிவு இ, டோரீன் சொன்னது: "ரெண்டு பேருமே குடுக்கல. மூணாவதா எவனோ ஒருத்தன் குடுத்திருப்பான். அவனுக்கு எவனும் நன்றி சொல்லல, பாவம்."

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் என் கடையிலிருந்து போன பெட்டிகள் போனவைதான். அவன் மாற்றிக்கொடுத்த ஷிஃப்டுகளும் அப்படியே. கொடுத்தவன் யாராக இருந்தாலும் அவனுக்கு நான் நன்றியுள்ளவன். இதைச் சொல்லத்தான் நான்கு பக்கம் சுற்றியிருக்கிறேன்.

6

இன்று ஞாயிறு. மணி நாலாகப் பத்து நிமிடம். இந்தப் பகுதியை அவசரமாக எழுதுகிறேன், ஏனென்றால் வாசலில் ஒரு லாரி வந்து நின்றுவிட்டது. ஜன்னல் வழியே பார்க்கிறேன். வெள்ளை முடி, கழுத்தில் (கடவுளே) டை. கையில் ஒரு மரப்பெட்டி. திருகுகள் எந்த எண்ணில் இருக்கின்றன என்று இங்கிருந்து தெரியவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

"யாரு, உங்க பாத்திரமா வர்றாரு?" என்று டோரீன் அடுப்படி ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேட்கிறாள். "நல்லா வயசாயிருக்கே. கதையில சின்னப் பையனாட்டம் எழுதியிருந்தீங்க."

அவனுக்குக் கான்சுவெலோவின் குரல் வேண்டும். அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. அந்தக் குரல் நாடாவின் நடுவில் இருக்கிறது. அதுவரை போக வேண்டுமென்றால் இரண்டு குழுவையும் கேட்டாக வேண்டும். நேராக நடுவுக்கு ஓட்டிக் குரலை மட்டும் எடுக்கவும் வழி உண்டு. எனக்குப் பழுதுபார்க்கிறவனின் கை, முடியும். ஆனால் செய்யலாமா என்பதை எழுபத்தெட்டு வயதில் நான் தனியாக முடிவெடுக்க மாட்டேன்.

நான் கதவைத் திறக்கப் போகிறேன். இந்த மேஜையருகே இப்போது நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். நாடா மாட்டியிருக்கிறது. இடது பொத்தான் முதலிலிருந்து ஓட்டும், வலது பொத்தான் நேராக நடுவுக்குப் போகும். அவசரமில்லை, முதலில் அவனுக்குக் காபி கொடுப்போம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் உங்களைத் திரும்பிப் பார்ப்பான். அப்போது ஏதாவது ஒன்றை அழுத்துங்கள்.