கம்பி ஓரத்து வழி

பந்தயம் முடிந்து குதிரையை நடையில் திருப்பிக்கொண்டு வந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டம் அல்போன்ஸின் அம்மாவிலிருந்து திட்ட ஆரம்பித்தது. அந்தப் பொம்பளை செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிறது. சாந்தோம் கடலோரத்தில் மீன் கூடை சுமந்தவள். கிண்டி ரேஸ்கோர்ஸுக்குள் அவள் கால் வைத்ததே கிடையாது. ஆனாலும் ஜாக்கி தோற்றால் அவள் வந்துதான் ஆகவேண்டும். அல்போன்ஸுக்கு அது பழகிப்போன விஷயம். முப்பது வருஷமாகக் குதிரை மேல் உட்கார்ந்தவனுக்கு வசவெல்லாம் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி.

அன்றைக்குத் திட்டு வேறு மாதிரி இருந்தது.

“வித்துட்டான்டா. ஜெயிக்கிற குதிரைய இழுத்துப் புடிச்சி வித்துட்டான்.”

ஒருவன் பந்தயப் புத்தகத்தைச் சுருட்டி எறிந்தான். அது ஆர்கிட்டின் கழுத்தில் பட்டு விழுந்தது. ஆர்கிட் என்பது கருப்புப் பெண்குதிரை. அன்றைக்கு எல்லோரும் நம்பிப் பணம் கட்டியது அதன் மேல்தான். அல்போன்ஸ் அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்தான். குதிரைக்கு மூச்சுகூட வாங்கவில்லை. அதுதான் கேவலம். ஓடி ஓய்ந்து தோற்ற குதிரை இல்லை அது. ஓட விடாமல் தோற்ற குதிரை.

நடந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துதான் நடந்தது. கடைசி நேர்ப்பாதையில் ஆர்கிட் கம்பி வேலியை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் இரண்டு குதிரைகள், இரண்டும் களைத்தவை. அதில் கம்பி ஓரம் இருந்தது வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. வழி திறந்தது. ஆர்கிட் காதை நிமிர்த்தி அந்தச் சந்து வழியைப் பார்த்துவிட்டது. அடுத்த எட்டில் நுழைந்திருக்கும். அல்போன்ஸ் லகானை இழுத்தான். குதிரை தலையைத் தூக்கித் திமிறியது. அவன் அதை வெளியே வாங்கி, எல்லாக் குதிரைகளையும் சுற்றிக்கொண்டு வந்து, ஒரு கழுத்து வித்தியாசத்தில் தோற்றான்.

இழுக்கவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. நினைக்க நேரம் ஏது? கை தானாக இழுத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு சந்தில்தான் அவன் விழுந்தான். நுழைந்தபிறகு வழி மூடிக்கொண்டது. முன்னால் போன குதிரையின் குதிகாலில் அவன் குதிரையின் முன்னங்கால் சிக்கி முறிந்தது. அவனுக்குத் தோள் எலும்பும் விலா எலும்பும் போயின. ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்னாலேயே பச்சைத் துணி மறைப்பு கட்டி அந்தக் குதிரைக்கு ஊசி போட்டார்கள். மறைப்புக்குக் கீழே அதன் கால் உதைத்து உதைத்து நின்றதை மல்லாந்து கிடந்தபடி அவன் பார்த்தான்.

எலும்பெல்லாம் கூடி வந்தது. அடுத்த சீசனிலேயே குதிரை ஏறினான். அன்றிலிருந்து அவன் ஒரு பந்தயத்திலும் கம்பி ஓரம் போனதில்லை. கூட்டத்தை விட்டு விலகி, வெளியே சுற்றி, கடைசியில் வந்து ஜெயித்தான். ஜெயித்தபோது பேப்பர்க்காரர்கள் அதை நிதானம் என்று எழுதினார்கள். அனுபவம் என்று எழுதினார்கள். நாற்பத்தொன்பது வயதில் இவன் இன்னும் ஓட்டலாமா, முடிந்துவிட்டானா என்று லாயத்திலும் டீக்கடையிலும் சண்டையே நடக்கும். முடிந்துவிட்டான் என்று சொன்னவன் வாயை அடைக்க அல்போன்ஸின் உடம்பே போதும். வெயில் ஏறுவதற்குள், எடை குறைய, பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு சாந்தோமிலிருந்து பட்டினப்பாக்கம் வரை மணலில் ஓடுவான். அரை இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துவிடுவான். இருபது வயசுப் பையன்கள் எடைத் தராசில் நிற்கத் தயங்கும்போது இவன் சிரித்துக்கொண்டே ஏறுவான். நிதானம் என்று ஊர் சொன்னதை அவனும் பாதி நம்பிவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை குதிரை கம்பி ஓரத்தில் மாட்டி, பின்வாங்காமல் வெளியே வர வழியில்லாமல், உள்ளே மட்டும் வழி திறந்தபோதுதான் மீதிப் பாதி தெரிந்தது.

ரேஸ் கிளப் விசாரணை அறையில் அந்தப் பந்தய வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். குதிரை ஜெயிக்கத்தான் சொல்லியிருந்தேன், வழி கிடைத்தால் கம்பி ஓரம் போகச் சொல்லியிருந்தேன் என்று ட்ரெயினர் ஃபராஸ் சொல்லிவிட்டு வெளியே போனான். அல்போன்ஸ் பக்கம் அவன் திரும்பவில்லை. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த சேர்மன் கெட்ட மனிதர் இல்லை. அல்போன்ஸ் ஜெயித்துக் கோப்பை வாங்கிய படங்களில் அவரும் இருக்கிறார்.

“அல்போன்ஸ், ரெண்டுல ஒண்ணுதான். நீ வேணும்னே நிறுத்தினியா, இல்ல உன்னால முடியலையா?”

முடியவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். களங்கம் இல்லை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். சீசன் முடிவில் ஒரு சால்வை, ஒரு ஷீல்டு, நாலு பேர் கைதட்டல். அதோடு சரி. மறுபடி எவனும் குதிரை தரமாட்டான். நிறுத்தினேன் என்றால் ஒரு வருஷத் தடை. திருடன் என்ற பெயர். ஆனால் ஒரு வருஷம் என்பது ஒரு நாள் முடியும். தடை முடிந்து வந்தவர்கள் எத்தனையோ பேர் இன்னும் ஓட்டுகிறார்கள்.

“நான் ஓட்டுனது அதான் சார். வேற சொல்றதுக்கு இல்ல” என்றான்.

ஒரு வருஷம் போட்டார்கள்.

அறைக்கு வெளியே நடையில் டாக்டர் சந்திரமௌலி நின்றிருந்தார். மயிலாப்பூர்க்காரர், ஆர்கிட்டின் சொந்தக்காரர். கோபப்பட்டால் தேவலை என்று அல்போன்ஸ் நினைத்தான். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை.

“உன்னைத் தவிர யாரையும் ஏத்தப்படாதுன்னு ஃபராஸ்கிட்ட நான்தான் சொல்லிண்டிருந்தேன். யாருக்காகப்பா பண்ணினே?”

அல்போன்ஸ் அவரைக் கடந்து போனான். கேட்டுக்கு வெளியே இரண்டு பேர் சிகரெட் பிடித்துக்கொண்டு அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டதால் அவர்களுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. வயசாகிவிட்டது, கிழவனால் முடியவில்லை என்றான் ஒருவன்.

“போடா. அவனா? அவன் நெனச்சா கண்ண கட்டிக்கினு அந்த சந்துல பூந்து வருவான். துட்டு வாங்கிக்கினான்டா மச்சி, துட்டு.”

அல்போன்ஸின் நடை தளர்ந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் போல இருந்தது. நெஞ்சுக்குள் சூடாக ஒன்று இறங்கியது. திருடன் என்கிறான். அதையே வைத்துக் கெட்டிக்காரன் என்றும் சொல்லிவிட்டான். இதற்காகச் சந்தோஷப்படுகிறோமே என்று தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது. ஆனாலும் சந்தோஷம் சந்தோஷம்தான்.

வீட்டுக்குள் போனபோது ஃப்ளோரா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிப்பவள். பந்தயத்தின் துண்டு வீடியோ அதற்குள் பங்குக் கோயில்காரர்கள் வாட்ஸப் குரூப்புக்கே வந்துவிட்டது. யாரோ அனுப்பி, கீழே ஒரு சிலுவைப் படமும் போட்டிருந்தார்கள்.

குதிரைப் பந்தயம் அவளுக்குத் தெரியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு பந்தயம்கூடப் பார்த்ததில்லை. அவன் வீடு திரும்பும்வரை செபமாலை உருட்டுவாள், அவ்வளவுதான். ஆனால் அவனைத் தெரியும். விழுந்து எழுந்ததிலிருந்து அவன் பைக்கைத் தொடவில்லை. முட்டி வலி என்று சொல்லி விற்றுவிட்டான். மீன் மார்க்கெட்டில் கூட்டம் நெருக்கினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பான். தேர்த் திருவிழாவுக்கு வருவதை நிறுத்திவிட்டான். இதையெல்லாம் தனித்தனியாகப் பார்த்திருந்தவள், அந்த வீடியோவில் அவன் தோள் பின்னால் போனதைப் பார்த்ததும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்துவிட்டாள்.

“நீங்க விக்கல” என்றாள். “பயந்துட்டீங்க.”

மூடிக்கொண்டு சோற்றைப் போடு என்றான். அவள் சோறு போட்டாள். போட்டுக்கொண்டே சொன்னாள்.

“திருடன் பொண்டாட்டின்னு கோயில் படி ஏற மாட்டேன். பயந்தவன் பொண்டாட்டின்னா நேரா போயி முன் வரிசையில குந்துவேன்.”

“உனக்கு இன்னா தெரியும்? திருடன்னா ஒரு வருஷம். பயந்தாங்கொள்ளின்னா சாவுற வரைக்கும்.”

“ஒரு வருஷம் கழிச்சி ஏறுறீங்க. அதே மாதிரி வழி தொறக்குது. அப்ப இன்னா பண்ணுவீங்க?”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். கடைசியில் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டான்.

அந்த வாரம் முழுக்க அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தையின் அப்பா சிரித்துக்கொண்டே, அடுத்த வாரம் எந்தக் குதிரை டீச்சர் என்று கேட்டிருக்கிறான். அதைக்கூட வந்து சொல்லவில்லை. அவனுக்கு வேறு ஆள் மூலம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், சர்ச் வேலைகளைப் பார்க்கும் கோயில் பிள்ளை இவர்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னபோது வேண்டாம் என்றார். இந்த ஞாயிறு வாசகத்தை வேறு ஒருவர் வாசிக்கட்டும், டீச்சர் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும் என்று ஃபாதர் சொன்னாராம். ஃப்ளோரா சரி என்று தலையாட்டி, அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்காகக் குறித்து வைத்திருந்த பக்கத்திலிருந்து நாடாவை எடுத்துவிட்டு விவிலியத்தை அலமாரியில் வைத்தாள்.

அல்போன்ஸ் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அப்பீல் போடலாம்” என்றான். “ஆனா ஃபராஸ் பாய் சொல்லணும். விழுந்ததுல இருந்து இவன் கம்பி ஓரம் போனதே இல்லன்னு பாய் வந்து சொன்னாதான் நம்புவாங்க.”

மறுநாள் அவளே ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஆதம்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஃபராஸின் வீடு மாடியில். நீ கீழேயே இரு, நான் பேசிவிட்டு வருகிறேன் என்று அல்போன்ஸ் சொன்னான். அவள் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டாள்.

கதவைத் திறந்த ஃபராஸின் மனைவி ரூபீனா எப்போதும் போல வாங்கண்ணே என்று சொல்லவில்லை. டீயை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஃபராஸுக்கு நாற்பது வயது இருக்கும். அவன் அப்பாவும் ட்ரெயினர்தான். அவரிடம்தான் அல்போன்ஸ் ஓட்ட ஆரம்பித்தது. ஃபராஸ் அரை டிராயரோடு வேலியில் தொங்கிக்கொண்டு அவன் ஓட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன்.

அல்போன்ஸ் சுற்றி வளைக்கவில்லை. விழுந்தது, அந்தக் குதிரையின் கால், வெளியே சுற்றி ஓட்டியது, கை தானாக இழுத்தது எல்லாவற்றையும் சொன்னான். அதுவரை யாரிடமும் சொல்லாதது. நடுவில் ஒருமுறை டீயைக் குடித்தான். கடைசியாக, பயந்துட்டேன் பாய் என்றான்.

ஃபராஸ் தன் டீயைத் தள்ளி வைத்தான். பிறகு சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

“யார் எழுதிக் குடுத்தாங்கண்ணே இத? வக்கீலா?”

“சத்தியமா பாய்.”

“நான் சின்னப் பையன். நீங்க ஒரு சந்துல பூந்து வந்தீங்க. எறங்குனப்ப உங்க பூட்ஸ்ல கம்பியில இருந்த வெள்ளப் பெயிண்டு. அத தொட்டுப் பாத்தேன் நான். இன்னும் கண்ணுல நிக்குது. அந்த ஆளு பயந்துட்டான்னு சொன்னா எவன் நம்புவான்? என் அப்பா கபுர்க் குழியில இருந்து எந்திரிச்சி வந்து செருப்பால அடிப்பாரு என்னை.”

அல்போன்ஸ் மறுபடி சொல்லிப் பார்த்தான். இரண்டு வருஷத்துப் பந்தயங்களையும் போட்டுப் பாருங்கள், ஒன்றிலாவது உள்ளே போயிருக்கிறேனா என்றான். அது ஓட்டுகிற கலை, அதை எனக்குச் சொல்லித் தராதீர்கள் என்று ஃபராஸ் கையை ஆட்டினான்.

“துட்டு வாங்கினீங்க. தேவ இருந்திருக்கும், வாங்கினீங்க. அதக்கூட நான் மன்னிப்பேன். மனுஷன்னா ஒரு தடவ சறுக்குவான். ஒரு வருஷம் போவட்டும், வாங்க, நானே குதிர தரேன். ஆனா இந்தப் பொய்ய சொல்லி அந்த அல்போன்ஸ அசிங்கப்படுத்தாதீங்க.”

நானே குதிரை தருகிறேன். அல்போன்ஸின் காதில் வேறு எதுவும் விழவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவன் திருடனுக்குக் குதிரை தருவான். பயந்தவனுக்குத் தரமாட்டான், பயந்தவன் என்று ஒருத்தன் இருப்பதாகவே அவன் ஒப்புக்கொள்ளமாட்டான். கீழே வேப்பமரத்தடியில் ஃப்ளோரா நிற்கிறாள் என்பது அல்போன்ஸின் நினைவில் இருந்தது. நினைவில் இருக்கும்போதேதான் வாயைத் திறந்தான்.

“ஆமா பாய்” என்றான். “வாங்கிட்டேன்.”

ஃபராஸ் நெடுமூச்சு விட்டான். முகம் தெளிந்தது. எழுந்து வந்து அல்போன்ஸின் தோளில், முறிந்து கூடிய அந்தத் தோளில், கை வைத்தான்.

“யார்னு கேக்க மாட்டேன்” என்றான். “அடுத்த வருஷம் ஒரு எளங் குதிர வருது. உங்களுக்குன்னு வச்சிருக்கேன்.”

உள்ளே திரும்பி, ரூபீனா, அண்ணனுக்கு இன்னொரு டீ என்றான். அல்போன்ஸ் அதையும் குடித்துவிட்டுத்தான் இறங்கினான்.

ஃப்ளோரா வண்டியை விட்டு இறங்கி நின்றாள்.

“சொன்னீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“நம்புனாரா?”

“நம்பிட்டாரு.”

அவள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். வந்து நானே சொல்றேன்னாரா என்று கேட்டாள். கொஞ்ச நாள் ஆகும் என்றான். ஆகட்டும் என்றாள். அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். ஆதம்பாக்கத்திலிருந்து அடையாறு வரும்வரை அவள் பேசிக்கொண்டே வந்தாள். அந்த ஒரு வாரத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசினாள்: நாளைக்கு முதல் பூசைக்கே போய்விடலாம், முன் வரிசையில் உட்காரலாம், யார் பார்த்தால் என்ன, ஃபாதரிடம் நானே எல்லாவற்றையும் சொல்கிறேன். அவன் ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டிக்கொண்டே வந்தான்.