அவர் குடித்துவந்த பீர்

டயர்க் கடைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன பீர்க் கடையில் எல்லோரும் அவரைக் குழாய்க்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். குழாய் வேலையை விட்டு பீர் காய்ச்ச இறங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கொப்பரையிலிருந்து தொட்டிக்கும் தொட்டியிலிருந்து பீப்பாய்க்கும் அவர் இழுத்திருந்த குழாய்களைப் பார்த்தால், அந்தப் பெயர் ஏன் ஒட்டிக்கொண்டது என்று புரிந்துவிடும். ஒரு மூட்டில்கூடச் சொட்டு ஒழுகாது.

டயர்க் கடை அவருடைய மனைவியின் அண்ணனுடையது. தேய்ந்த டயர்களை அடுக்கி வைத்திருந்த பின்பக்கக் கொட்டகையை அவர்தான் ஒழித்துக் கொடுத்தார். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு சாயங்காலமும் கையில் கிரீஸோடு வந்து முதல் கிளாஸை வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களை உட்காரவைத்துச் சுவரிலிருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வதும், லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு “இப்ப நல்லாத் தெரியுதா, முன்னாடியா?” என்று கேட்பதும் அவள் வேலை. வேலை முடிந்ததும் நேராகக் கொட்டகைக்கு வந்து கணவனோடு கிளாஸ் கழுவுவாள். அரை கிளாஸ் குடிப்பாள். அதற்கு மேல் போகமாட்டாள்.

கடையில் பல வகை பீர் இருந்தாலும் பேர் வாங்கிக் கொடுத்தது பிரவுன் ஏல்தான். கருப்பும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல், வறுத்த பார்லியின் பழுப்பு நிறத்தில், அதிகம் கசக்காத பீர். நுரை பொங்கவைத்து ஆர்ப்பாட்டம் பண்ணுகிற வகை இல்லை அது. அலுப்போடு வந்து உட்காருகிறவனுக்கு ஏற்றது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அதற்காகவே நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு சைக்கிளில் வருவார்.

“இதைப் போட்டிக்கு அனுப்பு மாப்ளே. பூட்டி வெச்சா யாருக்குத் தெரியும்?” என்று மச்சான் நச்சரித்துக்கொண்டே இருந்தார். அவர் தொல்லை தாங்காமல்தான் குழாய்க்காரர் அந்த வருஷம் சின்ன அளவில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கான போட்டிக்குப் பிரவுன் ஏலை அனுப்பினார்.

அனுப்பியது மச்சானுக்காக என்று சொல்லிக்கொண்டாரே தவிர, போட்டியன்று இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் ஆளாகக் கிளம்பியது அவர்தான். மனைவியும் கூடப் போனாள்.

வாடகை மண்டபம். வெள்ளைத் துணி விரித்த நீள மேசைகள், தண்ணீர்க் குவளைகள், வாயைச் சுத்தப்படுத்திக்கொள்ள உப்பில்லாத பிஸ்கெட். பாட்டில்களில் காய்ச்சியவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். நடுவர்கள் கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார்கள், மூக்கருகே கொண்டுபோவார்கள், ஒரு வாய் குடித்துவிட்டு எங்கேயோ பார்ப்பார்கள், பிறகு தங்களுக்குள் முணுமுணுப்பார்கள். எல்லாவற்றையும் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நின்று குழாய்க்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பாட்டில் எது என்பது அவருக்குத் தெரியும். அதை ஊற்றி முகர்ந்த மாத்திரத்தில் ஒரு பெண் நடுவர் பக்கத்து ஆளைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார்.

“பிடிச்சிருக்கு போல,” என்றார் மனைவியிடம்.

முடிவு சொன்னபோது அவருடைய எண் முதல் சுற்றிலேயே வெளியே போயிருந்தது.

சந்தேகம் இருக்கிறவர்கள் நடுவர்களிடம் நேரில் கேட்கலாம் என்று அறிவித்தார்கள். குழாய்க்காரர் நேராக அந்தப் பெண் நடுவர் முன்னால் போய் நின்றார். மற்ற நாட்களில் கால்நடை மருத்துவராக இருப்பவர் அவர். பெரிய மாடுகளைச் சமாளித்த பழக்கமோ என்னவோ, கோபமாக வருகிறவரைக் கண்டு கொஞ்சமும் அசரவில்லை.

“நல்ல பீர்தான் சார். ஆனா வெண்ணெய் வாசம் தூக்கலா இருக்கு. அதுக்குள்ள மத்ததெல்லாம் அமுங்கிப் போச்சு.”

“வெண்ணெயா? நான் வெண்ணெய் எதுவும் போடலையே!”

“நீங்க போட வேண்டாம். ஈஸ்ட்டே விட்டுட்டுப் போகும். இன்னும் கொஞ்ச நாள் குளிர வைக்காம விட்டிருந்தா, அதுவே அதைத் தின்னுட்டிருக்கும். நீங்க சீக்கிரம் குளிர வெச்சிட்டீங்க.”

சீக்கிரம் குளிர வைத்தது உண்மைதான். அடுத்த தடவை காய்ச்சத் தொட்டி காலியாக வேண்டுமே. ஆனால் வெண்ணெய் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “ஆயிரம் கிளாஸ் குடிச்சிருப்பேன். எனக்குத் தெரியாத வாசமா?”

நடுவர் மேசைக்கடியிலிருந்து ஒரு பாட்டில் சாதா பீரை எடுத்து இரண்டு கிளாஸில் ஊற்றினார். ஒரு கிளாஸில் மட்டும், நடுவர்கள் பழகுவதற்கென்று வைத்திருக்கும் வெண்ணெய் வாசச் சீசாவிலிருந்து சில சொட்டு விட்டுக் கலக்கினார். கிளாஸ்களை இடம் மாற்றி வைத்தார்.

“எதுல விட்டேன்னு சொல்லுங்க.”

குழாய்க்காரர் இதை முகர்ந்தார். அதை முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். காது மடல் சிவந்தது.

“ரெண்டும் ஒண்ணுதானே?”

பின்னால் நின்ற மனைவி குனியக்கூட இல்லை. “இதுலதான்,” என்று விரலை நீட்டினாள். பிறகு வெகுளியாகச் சொன்னாள்: “இது நம்ம பீர் வாசம்ல?”

குழாய்க்காரர் திரும்பி அவளைப் பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் நடுவர், குரலைத் தாழ்த்தி. “சில பேருக்கு இந்த வாசம் மூக்குல ஏறவே ஏறாது. எனக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. கிராம்பு வாசம். பக்கத்துல இருக்கிறவரைக் கேட்டுத்தான் மார்க் போடுவேன்.”

நல்ல மனதோடு சொன்னதுதான். குழாய்க்காரர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

வீடு போய்ச் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டார்.

“இவ்ளோ நாளா உனக்குத் தெரியும். ஏன் சொல்லல?”

“எதைச் சொல்றது? வேணும்னுதான் அப்படிக் காய்ச்சுறீங்கன்னு நினைச்சேன். எல்லாரும் அதைக் குடிக்கத்தானே வர்றாங்க! உங்க கைமணமே அதுதான்னு...”

“என் கைமணம்,” என்றார் அவர். “எனக்கே தெரியாத கைமணம்.”

அதன் பிறகு அவர் கொப்பரைப் பக்கம் போகவில்லை. கடையைத் திறந்தார், இருப்பதை ஊற்றிக் கொடுத்தார், மூடினார். வீட்டில் மட்டும் ஒரே களேபரம். சமையலறையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்ப்பார். “இது மிளகு. இது காப்பித் தூள். சரியா?” என்று பரீட்சை எழுதும் பிள்ளைபோலக் கேட்பார். ஒரு நாள் காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“எனக்கு இது வழவழன்னு இருக்கும், உப்பா இருக்கும். அவ்வளவுதான். எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சிட்டிருந்தேன்.” பாதி ரொட்டியைத் தட்டில் வைத்தார். “வேற என்னெல்லாம் எனக்குத் தெரியாம இருக்கோ! மத்தவங்க நாக்கை நம்பித்தான் நான் பிழைக்கணுமா?”

அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“எங்க கடைக்கு வர்றவங்கள்ல சில பேருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி இருக்கும். சோதிச்சுச் சொல்ற வரைக்கும் தெரியாது. ‘அப்ப நான் பார்த்ததெல்லாம் பொய்யா மேடம்’னு கேப்பாங்க. பொய் இல்லைங்க. அவங்க பார்த்ததும் உலகம்தான். ஒரு விஷயத்துக்கு மட்டும் பக்கத்துல ஆள் வேணும்.”

“நீ வர்றியா?”

“நான் எங்கே போகப் போறேன்?” என்றாள்.

மறுபடி காய்ச்சினார். இந்தத் தடவை தொட்டியைச் சீக்கிரம் குளிர வைக்கவில்லை. காலையில் கண்ணாடிக் கடைக்குப் போகுமுன் அவள் கொட்டகைக்கு வருவாள். அவர் கொஞ்சம் பீரை மூடி போட்ட குப்பியில் பிடித்து, வெந்நீரில் வைத்து ஆறவிட்டுத் தருவார். சூடுபட்டால் ஒளிந்திருக்கிற வாசமும் வெளியே வந்துவிடும். அவள் மூடியைத் திறந்து முகர்வாள். அவர் குப்பியைப் பார்க்கமாட்டார், அவள் முகத்தைத்தான் பார்ப்பார்.

“இருக்கு.”

அடுத்த நாள், “இன்னும் இருக்கு. ஆனா இளைச்சுப் போச்சு.”

பிறகு ஒரு காலை, முகர்ந்தவள் புருவத்தைச் சுருக்கி மறுபடி முகர்ந்தாள். “போயிடுச்சுங்க,” என்றாள். அந்தக் குரலில் ஏதோ குறைந்திருந்தது. அவர் இருந்த சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

புதுப் பீப்பாயைத் திறந்த சாயங்காலம் கொட்டகை நிறைந்திருந்தது. வழக்கம்போல் முதல் கிளாஸ் மச்சானுக்கு. குடித்தார். கிளாஸுக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன மாப்ளே, இதுல உயிரே இல்லையே!”

தபால்காரர் இன்னும் மோசம். “தண்ணி கலந்துட்டீரா? இதுக்கா நான் அங்கேர்ந்து மிதிச்சிட்டு வந்தேன்?” அவர் ஆரம்பித்து வைத்ததும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். போட்டியில் யாரோ ஏதோ சொன்னார்களாம், நன்றாக இருந்ததைப் போய்க் கெடுத்துவிட்டாராம்.

குழாய்க்காரர் பழைய பீப்பாயில் மிச்சமிருந்ததை ஒரு கிளாஸில் பிடித்தார். புதியதை இன்னொன்றில். இரண்டையும் எல்லோர் முன்னாலும் மாறி மாறிக் குடித்தார்.

“எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியல,” என்றார். “வெண்ணெய் வாசம் எனக்குத் தெரியாதாம். போட்டியிலதான் கண்டுபிடிச்சாங்க. நீங்க எல்லாம் பாராட்டினப்ப நான் என் பீரைத்தான் பாராட்டுறீங்கன்னு நினைச்சேன். ஆனா, இவ்ளோ நாளா நான் குடிச்ச பீரை நீங்க யாருமே குடிக்கல. நான் குடிச்சது இதை.” புதிய கிளாஸை முன்னால் தள்ளினார். “இன்னைக்குத்தான் முதல் தடவையா நாம எல்லாரும் ஒரே பீரைக் குடிக்கிறோம்.”

மச்சான் கையிலிருந்த கிரீஸைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

தபால்காரர்தான் முதலில் தொண்டையைக் கனைத்தார். “சரி. இதுல உமக்கு என்னதான் தெரியுது? சொல்லும்.”

“முதல்ல ரொட்டியோட கருகின ஓரம். முழுங்கினதும் வறுத்த வேர்க்கடலையோட தோல் மாதிரி ஒண்ணு, நடு நாக்குல. கடைசியில சின்னதா ஒரு கசப்பு, வாயைத் துடைச்சு விட்டுட்டுப் போகும்.”

தபால்காரர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். முகவரி சரியாக எழுதாத கடிதத்துக்கு வீடு தேடுகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். இன்னொரு வாய் குடித்தார்.

“கருகின ஓரம் இருக்கு,” என்றார். பிறகு, “அட, தோலும் இருக்குய்யா. இவ்ளோ நாளா எங்கே போச்சு இது?”

“வெண்ணெய்க்கு அடியில,” என்றாள் மனைவி.

சிரிப்பு எழுந்தது. எல்லோரும் குடித்துக் குடித்துத் தேட ஆரம்பித்தார்கள். சிலருக்குக் கிடைத்தது. சிலர் கிடைத்ததாகச் சொன்னார்கள். மச்சான் மட்டும் பழைய பீப்பாயின் பக்கத்திலேயே நின்றார். “நீ என்ன சொன்னாலும் சரி மாப்ளே, எனக்கு அதுதான்.”

கூட்டம் கலைந்து கிளாஸ் கழுவும்போது குழாய்க்காரர் கேட்டார்: “உனக்கு எது பிடிச்சுது?”

அவள் ஒரு கிளாஸை வேண்டிய அளவுக்கு மேலேயே தேய்த்தாள்.

“நிஜத்தைச் சொல்லு.”

“பழசு,” என்றாள். “வேலை முடிச்சு வந்து அரை கிளாஸ் குடிச்சா, அந்த வாசத்துல உடம்பே லேசாகும். போயிடுச்சுன்னு சொன்ன அன்னைக்கு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. உங்க முகத்தைப் பார்த்துட்டு எப்படிச் சொல்ல?”

அவர் கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவரோ ஈரக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போட்டிக்குப் போய்விட்டு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை.

“சின்னத் தொட்டி ஒண்ணு சும்மாதானே கிடக்கு. அதுல உனக்குக் காய்ச்சுறேன். எப்ப நிறுத்திக் குளிர வைக்கணும்னு நீதான் சொல்லணும். என்ன வருதுன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது.”

அடுத்த வருஷம், வெண்ணெய் வாசம் போன அந்தத் தெளிந்த பீரை மறுபடி போட்டிக்கு அனுப்பினார். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் கடைசிச் சுற்று வரை போனது. கால்நடை மருத்துவர் தேடி வந்து, “இப்ப உங்க பீர்ல உங்களைத் தெரியுது,” என்று கை கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது கொட்டகையில் இரண்டு பீப்பாய்கள் அருகருகே இருக்கின்றன. புதிதாக வருகிறவர்கள் எது நல்லது என்று கேட்பார்கள். தெளிந்ததைப் பற்றி அவர் கால் மணி நேரம் பேசுவார். மற்றது எப்படி என்று கேட்டால், கிளாஸ் துடைத்துக்கொண்டிருக்கும் மனைவியைக் காட்டுவார்.

“அதைக் காய்ச்சினது நான்தான். ஆனா எப்படி இருக்கும்னு அவளைத்தான் கேக்கணும்.”