பென்சிலில் இருந்த தங்கை

வம்சாவளிச் சங்கத்தின் சரிபார்ப்பாளர் தன் கூடப்பிறந்த தங்கையைப் பதினெட்டு மாதமாகப் பென்சிலிலேயே வைத்திருந்தார். வன்மம் என்று நினைத்துவிட வேண்டாம். வன்மமும் கொஞ்சம் இருந்தது. ஆனால் முக்கியமான காரணம் விதி.

சங்கத்துக்கு யார் தங்கள் வம்ச வரைபடத்தைக் கொண்டுவந்தாலும் முதலில் எல்லாக் கோடும் பென்சில்தான். ஒரு பிறப்புக்கு இரண்டு சான்று காட்டினால் அந்தக் கோட்டுக்கு மை. பதிவேடோ பத்திரமோ செல்லும், நேரில் அறிந்தவர் கையெழுத்துப் போட்ட வாக்குமூலமும் செல்லும். மை போடுகிற பேனா சரிபார்ப்பாளரின் சட்டைப்பையில் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அது வேறு கைக்குப் போனதில்லை. சங்கத் தலைவரான பல் டாக்டர் தன் கொள்ளுத்தாத்தா பெரிய மாலுமி என்று மூன்று கூட்டங்களில் மன்றாடிப் பார்த்தார். மாலுமி இன்னும் பென்சிலில்தான் மிதந்துகொண்டிருந்தார்.

தங்கையின் விஷயம் வேறு. அம்மா போன பிறகு வீட்டை ஒழித்தபோது, பரண்மேல் இருந்த தகரப்பெட்டிக் காகிதங்களை அவள் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டாள். மூன்று தலைமுறைக் காகிதம். அதில் அவளுடைய பிறப்புச் சான்றிதழும் இருந்தது. "உன் பொறப்பையே எடைக்குப் போட்டுட்டியே!" என்று கத்தினார் அண்ணன். அதோடு பேச்சு நின்றது. ஐந்து வருடம்.

பதினெட்டு மாதத்துக்கு முன் அவள் பேசாமல் வந்து சங்கத்தில் சேர்ந்தாள். முன்னோர்மேல் அவளுக்கு எள்ளளவும் அக்கறை கிடையாது. ஒன்பதாம் விதியை எங்கோ படித்திருந்தாள்: கூட்டத்தில் உறுப்பினர் கேட்கும் கேள்விக்குச் சரிபார்ப்பாளர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, நூலகத்தின் மாடி அறை. நீளமான மேஜை, பதினோரு நாற்காலி, ஒரு கால் ஆடும் மின்விசிறி.

"தலைவரே, சரிபார்ப்பாளருக்கு ஒரு கேள்வி. அவருக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கு?"

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "கேள்வி வம்சாவளி சம்பந்தப்பட்டதாம்மா?"

"பரம்பரை வியாதிதானே டாக்டர்."

"நூத்தி நாப்பது," என்றார் சரிபார்ப்பாளர், வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்காமல். கூட்டக் குறிப்பில் அதுவும் ஏறியது. மாதம் ஒரு கேள்வி, ஒரு எண். அண்ணன் தங்கை உறவு அந்த அளவில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது.

சங்கம் புத்தகம் போட முடிவு செய்தபோதுதான் வந்தது வம்பு. பென்சில் கோடு அச்சில் விழாது. தங்கையின் இரண்டு மகள்களுக்கும் நான்கு பேரக்குழந்தைகளுக்கும் சான்று கச்சிதம், அழுத்தமான மை. நடுவில் அவள் மட்டும் இல்லாமல் ஆறு பேரும் அந்தரத்தில் தொங்குவார்கள்.

"பள்ளிக்கூடச் சர்டிபிகேட் ஒண்ணு வச்சிருக்கேன்," என்றாள் கூட்டத்தில். "ஆஸ்பத்திரிப் பதிவேட்டைக் கரையான் தின்னுடுச்சாம். நேர்ல பாத்தவங்கள்ல ஒரே ஒருத்தர்தான் உசுரோட இருக்கார்."

"யாரும்மா?"

"சரிபார்ப்பாளர்."

எல்லாத் தலையும் திரும்பியது. அவர் விதிப்புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அதை எழுதியதே அவர்தான். "விதி பதினாலு. சரிபார்ப்பாளர் யாருக்கும் சாட்சியா இருக்கக் கூடாது. அவரே சொல்லி அவரே ஒத்துக்கிட்டா அப்புறம் எதுக்குச் சங்கம்?"

"சரி தலைவரே," என்று உட்கார்ந்தாள் அவள். "பென்சில்லயே இருந்துட்டுப் போறேன்."

அடுத்த கூட்டம்தான் அச்சுக்குப் போகுமுன் கடைசி. தங்கை வந்திருந்தாள். கேள்வி நேரம் வந்தது. டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள். கேள்வி நேரம் போனது.

சரிபார்ப்பாளருக்கு என்னவோபோல் இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, ரிசல்ட் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். நல்ல எண். கேட்க ஆளில்லை.

அவர் எழுந்தார். பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். "நான் பதவியை விட்டு விலகுறேன். குறிப்புல எழுதிக்குங்க."

மாலுமியின் கொள்ளுப்பேரனுக்கு முகத்தில் லேசாக ஒளி வந்தது. ஆனால் பேனா, சங்கத்தில் உறுப்பினராக இருந்த நூலகர் அம்மாள் கைக்குப் போனது. முன்னவரைவிடக் கறார் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"சாட்சி வாக்குமூலம் தரலாம்," என்றார் அம்மாள். "அப்ப உங்க வயசு?"

"ஆறு."

"ஆறு வயசு ஞாபகத்தைப் போன வருஷம் நீங்களே தள்ளுபடி பண்ணியிருக்கீங்க."

"அந்தச் சாட்சி அழுகை கேட்டுதுன்னு மட்டும் சொன்னார். கேட்டது பத்தாது."

"நீங்க என்ன பாத்தீங்க?"

சரிபார்ப்பாளராக இருந்தவர் சொன்னார். "ஆஸ்பத்திரி வராண்டாவுல பெஞ்ச். என் கால் தரைக்கு எட்டாது. நர்ஸ் துணியில சுத்திக் கொண்டாந்து என் மடியில வச்சாங்க. 'கீழ போட்டுடாதே, உன் தங்கச்சி'ன்னாங்க. இடது காதுக்குப் பின்னால ஒரு மச்சம். எவ்வளவு நேரம்னு தெரியல. அப்பா வர்ற வரைக்கும் மூக்கு அரிச்சும் கையை எடுக்கல. கீழ போடல."

அம்மாள் எழுந்து போய்த் தங்கையின் தலைமுடியை ஒதுக்கிப் பார்த்தார். மச்சம் இருந்தது. திரும்பி வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்து, கையெழுத்து வாங்கி, அளவுகோல் வைத்துக் கோட்டுக்கு மை போட்டார். காயும் வரை யாரும் மேஜையைத் தொடவில்லை.

"தலைவரே," என்றாள் தங்கை. "ஒரு கேள்வி. சர்க்கரை எவ்வளவு?"

டாக்டர் சங்கடப்பட்டார். "அவர் இப்ப சரிபார்ப்பாளர் இல்லம்மா. பதில் சொல்லணும்னு கட்டாயம் கிடையாது."

"நூத்தி இருவத்தெட்டு," என்றார் அண்ணன், இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்து.